அச்சமும் பெருமிதமும்: காணொளி விளையாட்டுகளில் தலைமைப்பகைப் போரின் சிறப்புக்கூறுகள்

ஆய்வுச்சுருக்கம்

காணொளி விளையாட்டுகளில் ஒரு கட்டத்தின் முடிவிலோ கதையின் இறுதியிலோ எதிர்ப்படும் வலிய பகைவரைப் பொதுவழக்கில் ‘பாஸ்’ என்பர். அப்பகைவருடன் நிகழும் போர் எக்காரணங்களால் சிறப்படைகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பகையின் பேருருவமும் போரின் கடுமையும் சிறப்பின் அளவுகோல்கள் என்ற பரவலான கருத்தை இது மறுஆய்வுக்கு உட்படுத்துகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பெருமிதத்திற்குச் சுட்டும் நிலைக்களன்களுள் கல்வி, தறுகண் என்னும் இரண்டையும் கருவியாகக் கொண்டு, 2004 முதல் 2019 வரை வெளிவந்த நான்கு ஜப்பானிய விளையாட்டுகளை ஆராய்கிறது. அச்சத்தைக் கல்வியின் வழியே பெருமிதமாக மாற்றுவது நல்ல போர் என்பதும், அப்பெருமிதத்தையே வினாவிற்கு உள்ளாக்குவது தலைசிறந்த போர் என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, தலைமைப்பகை, மெய்ப்பாடு, பெருமிதம், முன்னறிகுறி, எடுத்துரைப்பு

1. முன்னுரை

கதை சொல்லும் கலைவடிவங்களுள் காணொளி விளையாட்டு இளையது. இதில் கதையை நடத்திச் செல்லும் பொறுப்பில் ஒரு பகுதி ஆட்டக்காரரின் கைக்கு மாறுகிறது. காப்பியத்தில் தலைவன் பகைவனை வெல்வதைப் படிப்பவர் அறிந்துகொள்கிறார். விளையாட்டில் ஆட்டக்காரர் வெல்லாவிடில் கதை நகர்வதில்லை. இவ்வேறுபாடு மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் தலைமைப்பகைப் போராகும். ‘பாஸ்’ என்னும் சொல்லால் குறிக்கப்படும் பகை, மனிதர், விலங்கு, தெய்வம், எந்திரம் என எவ்வடிவிலும் அமையலாம். ஆதலின், திணைப்பாகுபாடின்றி வழங்கத்தக்க ‘தலைமைப்பகை’ என்ற சொல் இக்கட்டுரையில் கையாளப்படுகிறது.

இவ்வமைப்பின் வரலாறு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் காலத்தது. அமெரிக்காவின் தென் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் பிளேட்டோ கணினி அமைப்பில் 1975இல் உருவாக்கிய ‘டிஎன்டி’ என்னும் விளையாட்டில், அரும்பொருளைக் காத்து நின்ற பொன்வண்ணப் பறவைநாகம் இதன் முன்னோடியாகப் பொதுவாகச் சுட்டப்படுகிறது. 1980இல் வந்த ‘பீனிக்ஸ்’ என்னும் நாணயப்பொறி விளையாட்டு, சிறு பகைவர் அலைகளுக்குப்பின் ஒரு பெருங்கப்பலை நிறுத்தியது. இத்தொடக்கக் காலத்தில் தலைமைப்பகையின் பணி பெரும்பாலும் ஒரு வாயிற்காவலன் பணியே. பின்னர் அது கதையின் பொருளைச் சுமக்கும் உறுப்பாக வளர்ந்தது.

2. ஆய்வுச்சிக்கலும் அணுகுமுறையும்

ஒரு தலைமைப்பகைப் போரைச் சிறந்தது எனக் கூறும்போது ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இரு காரணங்களை முன்வைப்பர். ஒன்று, பகையின் பேருருவமும் காட்சிப் பொலிவும். மற்றொன்று, வெல்வதற்கு அரிதாயிருத்தல். இவ்விரண்டையும் ஏற்பதில் இடர்ப்பாடு உண்டு. பகைவனின் உயிரளவைக் குறிக்கும் எண்ணைப் பெருக்கினாலே போர் அரிதாகிவிடும். ஆனால் அவ்வாறு அமைந்த போர் சலிப்பையே தருகிறது. மாறாக, எளிதில் வெல்லத்தக்க சில போர்கள் ஆண்டுகள் கடந்தும் நினைவில் நிற்கின்றன. எனவே, அருமையும் பெருமையும் சிறப்பிற்குத் துணைசெய்யலாமேயன்றி, அவையே சிறப்பு ஆகா.

இவ்விடத்தில் மெய்ப்பாட்டியல் பயனுடைய கருவியாகிறது. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளையும் கூறி, ஒவ்வொன்றும் தோன்றுதற்கு நான்கு நிலைக்களன்களை வகுத்துள்ளார். மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பனவும், அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பனவும், பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை என்பனவும் களன்களாம். இப்பகுப்பில் ஒரு நுட்பம் உள்ளது. பேருருவம் விளைப்பது மருட்கை. பெருமிதம் பிறப்பதோ கல்வியாலும் அஞ்சாமையாலும். பகையின் பெருமையைப் போரின் பெருமையாகக் கொள்ளும் கருத்து, இவ்விரு மெய்ப்பாடுகளையும் ஒன்றெனக் கொள்வதால் எழுவது.

எனினும் ஒரு வரையறை தேவை. தொல்காப்பியத்தில் மெய்ப்பாடு செய்யுளுறுப்புகளுள் ஒன்று. விளையாட்டில் பாத்திரத்தின் மெய்ப்பாட்டைக் காட்டிலும், கருவியைக் கையில் ஏந்தியிருக்கும் ஆட்டக்காரரின் மெய்ப்பாடே முதன்மை பெறுகிறது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டே இக்கருவி இங்குப் பயன்கொள்ளப்படுகிறது.

3. கல்வி: முன்னறிகுறியும் தோல்வியும்

2019இல் ஹிடெட்டாகா மியசாகியின் இயக்கத்தில் பிரம்சாப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட ‘செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்’ என்னும் விளையாட்டு இதற்குத் தக்க சான்று. இதன் தலைவன், ‘ஓநாய்’ என அழைக்கப்படும் ஷினோபி வீரன். கதையின் தொடக்கத்தில் நாணற்புல் அடர்ந்த வெளியொன்றில் கெனிச்சிரோ அஷினா என்னும் பகைவன் எதிர்ப்படுகிறான். இப்போரில் ஆட்டக்காரர் எவ்வளவு திறமையாகப் போரிட்டாலும் கதையின்படி ஓநாய் இடக்கையை இழக்கிறான். பின்னர் அஷினா கோட்டையின் உச்சியில் அதே பகைவனை மீண்டும் எதிர்கொள்கிறான்.

இவ்விரு சந்திப்புகளுக்கும் இடையில் விளையாட்டு ஆட்டக்காரருக்குப் பாடம் கற்பிக்கிறது. பகைவனின் வாள் படும் கணத்தில் சரியாகத் தடுத்தால் அவனது நிலைகுலைவு மிகும். தடுக்கவியலாத தாக்குதலுக்குமுன் ‘ஆபத்து’ எனப் பொருள்தரும் சீன எழுத்து செந்நிறத்தில் தோன்றும். அக்குறி பொதுவானது. வருவது குத்தா, தாழ்ந்த வீச்சா, பிடியா என்பதைப் பகைவனின் உடலசைவைக் கண்டே உணரவேண்டும். குத்தெனின் வாளை மிதித்து அடக்கவும், தாழ்ந்த வீச்செனின் தாவவும், பிடியெனின் விலகவும் வேண்டும். கெனிச்சிரோ இம்மூன்றையும் ஒரே போரில் தேர்வுக்குரிய வினாக்களாக வைக்கிறான். பதற்றத்தில் பின்வாங்கிப் பழகியவர் இங்குத் தோற்பார். நெருங்கி நின்று தடுக்கக் கற்றவர் வெல்வார். கல்வியும் தறுகணும் இவ்விடத்தில் பிரிக்கவியலாதவை. அறிகுறியைப் படிக்கத் தெரிந்தால்தான் அஞ்சாது நிற்கமுடியும். அஞ்சாது நின்றால்தான் அறிகுறியைப் படிக்கமுடியும்.

இதிலிருந்து முதல் அளவுகோலைப் பெறலாம். தோற்ற ஆட்டக்காரர் தம் தோல்விக்கான காரணத்தைக் கூறவல்லவராயின் அப்போர் நேர்மையானது. அறிகுறியின்றி வரும் தாக்குதல், காட்சிக்கோணம் மறைத்த வீச்சு ஆகியவற்றால் நேரும் தோல்வி எதையும் கற்பிப்பதில்லை; வெகுளியையே விளைக்கிறது.

4. கட்டமாற்றமும் மீள்நிகழ்வும்

வென்றதாக எண்ணும் வேளையில் பகை புதுவடிவம் கொள்வது இப்போர்களின் பொதுமரபு. இம்மாற்றம் புதிய வினாவொன்றைக் கேட்டால் மட்டுமே பொருளுடையதாகும். கெனிச்சிரோ மூன்றாம் கட்டத்தில் தன் கவசத்தைக் களைந்து மின்னலைப் படைக்கலமாக ஏந்துகிறான். தரையில் நின்று ஏற்றால் ஊறுசெய்யும் அம்மின்னலை, வானில் தாவியிருக்கும்போது ஏற்று, தரையைத் தொடுமுன் வாள்வீச்சால் திருப்பி அனுப்பலாம். பகைவனின் பேராற்றல் ஆட்டக்காரரின் கருவியாகும் இக்கணத்தில் அச்சத்தின் காரணமே பெருமிதத்தின் காரணமாகிறது.

பெரும்பாலான முடிவுகளில் இறுதிப் போர், ஓநாய் கையிழந்த அதே நாணல்வெளியில் நிகழ்கிறது. முதலில் வருபவன் கெனிச்சிரோவே. முன்னர் பலமுறை தோற்கடித்தவனை ஆட்டக்காரர் இப்போது விரைவில் வீழ்த்திவிடுகிறார். பகைவனின் ஆற்றல் பெரிதும் மாறவில்லை, ஆட்டக்காரர் மாறியிருக்கிறார். இவ்வளர்ச்சியை எவ்வுரையாடலும் எடுத்துரைக்கவில்லை. இடத்தின் மீள்நிகழ்வும் கையின் பயிற்சியுமே அதை உணர்த்துகின்றன. தொடர்ந்து வரும் இஷின் அஷினா தன் இறுதிக் கட்டத்தில் மின்னலை ஏந்தும்போது, முன்பு கற்ற பாடம் மறுபடியும் தேர்வுக்கு வருகிறது. ஆக, முன்னர்க் கற்பித்ததைப் பின்னர்த் தேர்வுசெய்யும் ஒழுங்கு, தலைமைப்பகைப் போரின் இரண்டாவது சிறப்புக்கூறாகும்.

5. பெருமிதத்தை வினாவுதல்

இதுவரை கண்டவை நல்ல போருக்குரிய கூறுகள். சில விளையாட்டுகள் இவ்வெல்லையைக் கடந்து, வெற்றியின் தகுதியையே ஐயுறச் செய்கின்றன.

புமிட்டோ உவேடாவின் இயக்கத்தில் 2005இல் வெளிவந்த ‘ஷேடோ ஆப் தி கொலோசஸ்’ விளையாட்டில் சிறு பகைவர் எவருமிலர். பதினாறு பேருருவங்கள் மட்டுமே உள்ளன. இறந்த பெண்ணொருத்தியை உயிர்ப்பிக்க வேண்டி, வாண்டர் என்னும் இளைஞன் அவற்றை ஒவ்வொன்றாகக் கொல்கிறான். அவற்றின் மேனியில் பற்றி ஏறி, வாளின் ஒளி காட்டும் உயிர்நிலையில் குத்துவதே போர்முறை. பற்றிக்கொள்ளும் வலிமை சிறிது சிறிதாகக் குறைவதால் அச்சம் இறுதிவரை நீடிக்கிறது. ஆனால் பேருருவம் வீழ்ந்ததும் ஒலிப்பது துயர இசை. கரிய இழைகள் அதன் உடலிலிருந்து கிளம்பி வாண்டரின் உடலில் பாய்கின்றன. அவனது தோற்றமும் படிப்படியாகச் சிதைகிறது. பாலைவெளியில் பறந்து திரியும் பதின்மூன்றாவது பேருருவம் வாண்டரைத் தாக்குவதே இல்லை. அதை அம்பெய்து தாழ இறக்கி, குதிரையில் விரைந்து சென்று பாய்ந்தேறிக் கொல்லவேண்டும். காட்சிப் பொலிவில் மிக்க இப்போரில் பகைமை ஒருபக்கத்தது மட்டுமே என்பதை ஆட்டக்காரர் தாமே உணர்கிறார்.

2011இல் வந்த ‘டார்க் சோல்ஸ்’ விளையாட்டில் சிப் என்னும் பேரோநாய் தன் தலைவன் ஆர்டோரியஸின் கல்லறையைக் காக்கிறது. வாயில் வாளைக் கவ்விப் போரிடும் அது, உயிர் குன்றிய நிலையில் நொண்டுகிறது. வாளை வீசித் தடுமாறுகிறது. இயக்கவியல் நோக்கில் இது போரை எளிதாக்கும் மாற்றம். மற்றப் பகைகள் இறுதியில் வலிமை பெறுவதால் ஆட்டக்காரர் அதையே எதிர்பார்த்திருப்பார். அவ்வெதிர்பார்ப்பு பொய்க்கும் இடத்தில், இழவையும் அசைவையும் களனாகக் கொண்ட அழுகை பிறக்கிறது. அதே விளையாட்டின் இறுதிப் பகையான கிவின், தாக்குதலைத் தட்டித் திருப்பத் தெரிந்தவருக்கு எளியவன். மெல்லிய பியானோ இசையின் பின்னணியில் நிகழும் அப்போர், முரசொலி அதிரும் உச்சத்தைவிட ஆழமாகப் பதிகிறது. அருமையே சிறப்பு என்ற கருத்துக்கு இவ்விரண்டும் மாற்றுச்சான்றுகள்.

6. செயலும் பொருளும்

ஹிடியோ கோஜிமாவின் ‘மெட்டல் கியர் சாலிட் 3: ஸ்னேக் ஈட்டர்’ 2004இல் வெளிவந்தது. அதன் இறுதிப் பகை, தலைவனாகிய ஸ்னேக்கைப் பயிற்றுவித்த ஆசிரியை. அவரது பெயரே ‘தி பாஸ்’ என்பது. வெண்மலர்கள் பரவிய வெளியில், பத்து நிமிட வரம்புக்குள் அவரை வெல்லவேண்டும். மாணவன் கையாளும் நெருங்குபோர் முறையை ஆசிரியை முன்னரே அறிந்தவர். பொறுப்பின்றி நெருங்கினால் அவர் அதை முறியடிப்பார். கற்ற கல்வியைக் கற்பித்தவர்மீதே காட்டவேண்டிய நிலை இது. போர் முடிந்து அவர் வீழ்ந்து கிடக்கையில், காட்சி தானாக முடிவதில்லை. ஆட்டக்காரர் சுடும் விசையை அழுத்தும்வரை விளையாட்டு காத்திருக்கிறது. அழுத்தியபின் வெண்மலர்கள் செந்நிறம் கொள்கின்றன. அவர் தம் நாட்டின் ஆணைப்படியே துரோகிப் பெயரை ஏற்றவர் என்பது அதன்பின்னரே தெரியவருகிறது.

இக்கொலையைத் திரைப்படம் காட்டலாம், புதினம் விவரிக்கலாம். அவ்விரு வடிவங்களிலும் சுவைப்பவர் சான்றாளராக நிற்பார். இங்கோ விசையை அழுத்திய விரல் ஆட்டக்காரருடையது. வேறு வழி இல்லை என்பது உண்மை. எனினும் எப்போது அழுத்துவது என்பது அவரிடமே விடப்படுகிறது. அத்தயக்கத்தின் கால அளவே இப்போரின் உச்சம். கதைக்குரிய பொருள் கைச்செயலோடு ஒன்றுபடுதல் மூன்றாவது சிறப்புக்கூறு எனக் கொள்வதற்கு இது வலிய சான்றாகும்.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன புலனாகின்றன. தலைமைப்பகைப் போரின் சிறப்புக்குப் பகையின் பேருருவமும் போரின் கடுமையும் போதிய காரணங்கள் ஆகா. தோல்வியிலிருந்து கற்கத்தக்க தெளிவான முன்னறிகுறிகள், முன்னர்க் கற்பித்ததைப் புதிய வினாவாகக் கேட்கும் கட்டமைப்பு, கதைப்பொருளும் கைச்செயலும் ஒன்றுபடுதல் என்னும் மூன்றும் சிறப்புக்கூறுகளாகும். முன்னிரண்டும் அமைந்த போர் அச்சத்தைப் பெருமிதமாக்குகிறது. மூன்றாவதும் சேர்ந்த போர், அப்பெருமிதம் எவ்விலை கொடுத்துப் பெறப்பட்டது எனக் கேட்கிறது.

பெருமிதத்தின் களன்களுள் கல்வியை முதலாவதாக வைத்த தொல்காப்பிய நெறி, தான் அறியாத ஒரு கலைவடிவத்தையும் விளக்க உதவுகிறது. அதேவேளை, மெய்ப்பாடு உறையும் இடம் பாத்திரமா, சுவைப்பவரா என்ற பழைய வினாவிற்கு இக்கலை புதியதொரு சிக்கலைச் சேர்க்கிறது. செய்தவரும் சுவைப்பவரும் ஒருவரே ஆகும்போது, அழுகையோடு குற்றவுணர்வும் கலக்கிறது. எண்வகை மெய்ப்பாட்டினுள் அக்கலவைக்கு உரிய இடம் எது என்பது தனித்து ஆராயத்தக்கது.