பழைய பேரேட்டில் ஒரு தையற்காரர்



நமது விருத்தாசலம் கடைவீதியில் முன்பெல்லாம் ஜவுளிக் கடைத் திண்ணைகளில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். உள்ளே துணி எடுத்து, வெளியே அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆயத்த ஆடை வந்த பிறகு அந்த மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தத் தையற்காரர்களின் பேரப்பிள்ளைகள் வெளியூர்களில் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஊருக்கு வந்து, "எங்க தாத்தா இங்கதான் தைச்சுக்கிட்டு இருந்தாராம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா அண்ணாச்சி?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "தெரியலையே தம்பி" என்று அனுப்பிவிடுவோம். ஆனால் அவருக்கு வேண்டிய விடை நம் கடைப் பரண்மேலேயே இருக்கக்கூடும். அதை எப்படித் தேடுவது என்பதே இக்கட்டுரை.

பழமையான தொழில், குறைவான காகிதம்

தையல் நேற்று வந்த தொழில் அன்று. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் தொழிலாளர்களுள் ‘துன்னகாரர்’ என்று தையற்காரர் பேசப்படுகிறார். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டப்பட்ட பணியாளர் பட்டியலிலும் தையற்காரர் உண்டு.

இருந்தும் ஒரு தையற்காரரைத் தேடுவது கடினம். சாதிப் பெயரை மட்டும் வைத்துத் தேட முடியாது. தமிழ்நாட்டில் பல சமூகத்தாரும் இத்தொழிலைச் செய்திருக்கிறார்கள். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் நூல், மராட்டியத்திலிருந்து வந்த ரங்காரிகளைச் சாயம் போடுபவர், தையற்காரர் என்று குறிக்கிறது. தமிழ் முஸ்லிம்களும் ஏராளமாக இத்தொழிலில் இருந்தார்கள். அடுத்து, திண்ணையில் மாத வாடகைக்கு இருந்தவருக்குச் சொத்துப் பத்திரம் ஏது? எனவே அவருடைய காகிதத்தை அல்ல, அவர் பெயர் ஏறிய பிறர் காகிதத்தைத் தேட வேண்டும்.

முதல் படி: வீட்டில் இருப்பது

பீங்கான் ஜாடியைக் கவிழ்த்து, அடியில் உள்ள முத்திரையைப் பார்ப்பது நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். பழைய தையல் மிஷினையும் அப்படிப் பார்க்கச் சொல்லுங்கள். சிங்கர் மிஷினில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1900 முதல் அந்த எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து சேர்ந்தது. எழுத்தையும் எண்ணையும் கொண்டு, மிஷின் தயாரான காலத்தை அறியலாம். ஆனால் தயாரான ஆண்டு வேறு, தாத்தா வாங்கிய ஆண்டு வேறு. கைமாறி வந்த மிஷினாகவும் இருக்கலாம். சிங்கர் கம்பெனி தவணை முறையில் விற்றதால், பழைய பெட்டியில் தவணை ரசீது கிடைத்தால் அது பெரிய சாட்சி.

இரண்டாம் படி: பதிவு அலுவலகம்

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, பத்திரத்தில் வருபவரின் விவரம் என்பது அவருடைய குடியிருப்பு, தொழில், தகப்பனார் பெயர் ஆகியவை. சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் அட்டவணையிலும் இந்த விவரங்கள் சேர வேண்டும். அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும், உரிய கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம். ஒரு சிறிய மனை வாங்கியிருந்தாலும், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிந்திருந்தாலும், தையற்காரர் அங்கே தொழிலோடும் தகப்பனார் பெயரோடும் இருப்பார். ஒரே பத்திரத்தில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும்.

ஒன்று நினைவிருக்கட்டும். 1993இல் பிரிக்கப்படும் வரை நாம் தென்னாற்காடு மாவட்டம். பழைய பத்திரங்களில் ‘தென்னாற்காடு ஜில்லா, விருத்தாசலம் தாலுகா’ என்றே இருக்கும்.

மூன்றாம் படி: நம் கடைப் பத்திரம்

தையற்காரர் எதையும் வாங்காமலே காலம் கழித்திருந்தால்? நம்முடைய பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துச் செக்குபந்தியைப் படிக்க வேண்டும். ‘இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு’ என்று நான்கு எல்லையிலும் அண்டை அயலார் பெயர் வரும். கடைசிப் பக்கத்தில் சாட்சிகளின் கையெழுத்தும் இருக்கும். நமக்காகச் சாட்சி போட்டவர் பக்கத்துத் திண்ணைத் தையற்காரராக இருக்கலாம். சாட்சிகளின் பெயர் பதிவு அலுவலகத்துப் பெயர் அட்டவணையில் ஏறாது. அதனால் மூலப் பத்திரத்தை வைத்திருக்கும் நாம்தான் இதைப் பார்த்துச் சொல்ல முடியும்.

நான்காம் படி: கடன் பேரேடு

நமது வியாபாரத்துக்கே உரிய ஆதாரம் இதுதான். தையற்காரரும் மாதம் முழுவதும் கடனுக்குச் சாமான் வாங்கி, தீபாவளி, பொங்கல் தையல் கூலி வந்ததும் தீர்த்திருப்பார். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பதால், கணக்கெழுதியவர் பெயரோடு தொழிலையும் சேர்த்து எழுதியிருப்பார். அவர் மகன் வந்து வாங்கியிருந்தால் ‘மகன் வசம்’ என்று அதுவும் இருக்கும்.

காலத்தைக் கணக்கிடுவதில்தான் கவனம் வேண்டும். பேரேட்டில் ‘பிரமாதி வருஷம்’ என்று மட்டும் இருந்தால், அது 60 ஆண்டுக்கு ஒருமுறை வருவது: 1879, 1939, 1999. எது என்று எப்படி அறிவது? தொகை ரூபாய், அணா, பைசாவில் இருக்கிறதா என்று பாருங்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பைசா என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1இல் மாறிவிட்டது. நிறை வீசை, பலத்தில் இருக்கிறதா? மெட்ரிக் எடை 1958 முதல் படிப்படியாக வந்தது. அணாவும் வீசையும் இருந்தால் 1999 விலகிவிடும். மற்ற இரண்டில் எது என்பதைப் பேரன், தகப்பனார், தாத்தா என்று வயதைக் கணக்கிட்டால் முடிவு செய்யலாம். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், பிரமாதி தை மாதப் பற்று 1940 ஜனவரியில் தொடங்கும் மாதத்துக்கு உரியது என்பதையும் மறக்கக்கூடாது.

நாம் செய்ய வேண்டியது

இவ்வளவும் தெரிந்தும் நம்மில் பலர் செய்தது என்ன? பழைய பேரேட்டைக் கிழித்துக் கடுகுக்கும் சீரகத்துக்கும் பொட்டலம் மடித்தோம். மீதியைப் பழைய காகிதக்காரருக்கு எடைக்குப் போட்டோம். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கெடுநாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருந்தால் போதும். அது அரசாங்கத்துக்கு வேண்டிய அளவு. ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அளவு அன்று.

ஆகவே உறுப்பினர்கள் மூன்று காரியம் செய்யலாம். ஒன்று, அணாக் காலத்துப் பேரேடு எதையும் எடைக்குப் போடாதீர்கள். துணியில் கட்டி, ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில் வையுங்கள். இரண்டு, கடையில் மூத்தவர்கள் இருக்கும்போதே, அந்தக் கையெழுத்தையும் தமிழ் எண்களையும் அவர்களிடம் படித்துக்கொள்ளுங்கள். மூன்று, யாராவது தேடி வந்தால் அவர் குடும்பத்துப் பக்கத்தை மட்டும் காட்டுங்கள். பிறருடைய கடனைக் காட்டுவது நம் தொழில் தர்மம் ஆகாது. அவர் தாத்தாவின் நிலுவை தீராமல் இருந்தால் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டும் ஊர் நம்முடையது. எழுதி வைத்தால் கேட்பார் உண்டு என்று நம்புகிறவர்கள் நாம். திண்ணைத் தையற்காரர் தம்மைப் பற்றி ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. அவருக்காக எழுதி வைத்தவர்கள் நம் பாட்டனார்கள், உப்புக்கும் புளிக்கும் பற்று எழுதியபோது. அந்த ஏட்டைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு.