கடல் கடந்த மிக்சியும் கிரைண்டரும்

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்படும் மிக்சியும் கிரைண்டரும் அங்கே பழுதாவது ஏன்?

பதில்: இந்திய வீடுகளுக்கு 230 வோல்ட் மின்னழுத்தமும், நொடிக்கு 50 சுழற்சிகள் என்ற அதிர்வெண்ணும் வழங்கப்பட, அமெரிக்காவின் வழக்கமான பிளக் பாயின்ட்டுகள் 120 வோல்ட்டையும் 60 சுழற்சிகளையும் தருவதே இதன் அடிப்படைக் காரணமாகும். மிக்சியில் உள்ளது, கார்பன் பிரஷ் எனப்படும் கரித்துண்டுகள் வழியே சுழலும் பகுதிக்கு மின்சாரம் பெறும் மோட்டார். அது அதிர்வெண்ணைப் பெரிதும் பொருட்படுத்தாததால், மின்னழுத்தத்தை உயர்த்தும் போதிய திறனுள்ள டிரான்ஸ்பார்மர் இருந்தால் இயல்பாகவே ஓடும். உண்மையில் கவலைக்குரியது கிரைண்டரே. அதன் தூண்டல் மோட்டாரின் சுழற்றுவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், நேரடியாக இணைக்கும்போது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே கிடைக்கிறது. மாவின் பளுவில் கல் நின்றுவிட, கம்பிச்சுருள் சூடேறி, அதன் மின்காப்புப் பூச்சு கருகிவிடுகிறது. டிரான்ஸ்பார்மரும் அதிர்வெண்ணை மாற்றுவதில்லை என்பதால், அதன் துணையோடு ஓடினாலும் மோட்டார் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுழலும். எனவே, வீட்டாரின் நினைவுகள் படிந்த பழைய கிரைண்டரை ஊரிலேயே விட்டுவிட்டு, 120 வோல்ட்டுக்கும் 60 சுழற்சிகளுக்கும் உரிய கிரைண்டரை வாங்குவதே தக்கது. மிக்சியைக் கொண்டு செல்வோர், ஜாரை மோட்டாருடன் பிணைக்கும் கப்ளர், ஜாரின் வாஷர் ஆகிய உதிரிகளை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே எளிதில் கிடைக்காதவை அவையே.