மஞ்சள் கடுதாசிக்குப் பிறகு: வேலை போனவர் பணம் கேட்கும் முறை

சம்பளச் சீட்டின் தலைப்பைப் பாருங்கள். 'பிரைவேட் லிமிடெட்' என்று இருக்கிறதா, வெறும் 'அண்ட் கோ' தானா? லிமிடெட் கம்பெனி என்றால் 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி சென்னையிலுள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்கு விவகாரம் போகலாம். ஒருவர் பெயரிலோ பார்ட்னர்ஷிப்பிலோ நடந்த பட்டறை என்றால் அந்த வழி கிடையாது. தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்து, தேவைப்பட்டால் கோவை தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கணபதி, குறிச்சிப் பக்கம் பல பட்டறைகள் இந்த இரண்டாவது ரகம்தான். பிரிட்டனில் முதலாளி நொடித்தால் அரசு நிதியிலிருந்தே நஷ்டஈடு கிடைக்கும். நம்மிடம் அப்படியொரு நிதி இல்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 18,000, சர்வீஸ் 12 வருடம் 7 மாதம் என்று வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் போனதால் 13 வருடம். கிராஜுட்டிக்கு மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 13-ஆலும் பெருக்கினால் 1,35,000. மூடல் நஷ்டஈடு வருடத்துக்கு 15 நாள் சம்பளம். இதற்கு 26 கணக்கு இல்லை, பாதி மாதம் 9,000 வீதம் 1,17,000. முன்னறிவிப்பு தராவிட்டால் இன்னும் ஒரு மாதச் சம்பளம். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்த பிறகும் இந்த 15 நாள் மாறவில்லை. 'நஷ்டத்தில் மூடினோம், மூன்று மாதச் சம்பளம்தான் தருவோம்' என்பார்கள். பண நெருக்கடி மட்டுமே அதற்குக் காரணமாகாது.

தீர்ப்பாயம் வழக்கை ஏற்றதும் இடைக்காலத் தீர்வு நிபுணர் ஒருவரை நியமிக்கும். அவர் ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்புக் கொடுப்பார். கோரிக்கைக்குக் கெடு அவர் நியமனத்திலிருந்து 14 நாள், அறிவிப்பு கண்ணில் படுவதற்குள்ளேயே இரண்டு மூன்று நாள் கழிந்திருக்கும். தவறினாலும் 90 நாள் வரை ஏற்பார்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். தொழிலாளிக்கு உரியது 'டி' படிவம். சங்கம் வழியாக மொத்தமாகப் போட்டால் 'இ' படிவம். பாக்கிச் சம்பளம், விடுப்புச் சம்பளம், கிராஜுட்டி என்று ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதுங்கள்.

ஆதாரம்தான் பலருக்கும் இடறுகிறது. எனக்குத் தெரிந்த மோல்டர் ஒருவரிடம் சீட்டு இருக்கிறதா என்றேன். "அதையெல்லாம் ஆருங்க வெச்சிருக்கறாங்க?" என்றார். கடைசியில் பேங்க் பாஸ்புக்கும் இ.எஸ்.ஐ. அட்டையும் கைகொடுத்தன. பி.எஃப். பாஸ்புக்கில் சேர்ந்த மாதமே பதிந்திருக்கும்.

பி.எஃப். விஷயத்தைத் தனியாகவே பாருங்கள். பிடித்த தொகையைக் கட்டாமல் விட்டிருந்தால், அந்த மாதங்களைக் குறித்து பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கம்பெனியைக் கலைக்கும்போது பி.எஃப்., பென்ஷன், கிராஜுட்டி நிதிகள் கடன்காரர்கள் பங்கிடும் சொத்தில் சேராது. 2022-இல் ஜெட் ஏர்வேஸ் ஊழியர்களுக்கு பி.எஃப்., கிராஜுட்டியை முழுதாகத் தர மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னதில், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. ஆனால் கிராஜுட்டிக்கென்று நிதியே ஒதுக்காத கம்பெனி என்றால் இழுபறிதான். அதனால்தான் படிவத்தில் தனி வரி கேட்டேன்.

கம்பெனியைக் கைமாற்ற ஆள் கிடைக்காமல் கலைப்பு உத்தரவு வந்தால், அந்த உத்தரவே உங்கள் வேலைநீக்க நோட்டீஸ். மூடல் நஷ்டஈட்டையும் சேர்த்து, கலைப்பாளரிடம் 30 நாளுக்குள் கோரிக்கையைப் புதுப்பியுங்கள். நடைமுறைச் செலவு போக, கலைப்புக்கு முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கி, அடமானத்தை விட்டுக்கொடுத்த வங்கிகளோடு ஒரே வரிசையில் நிற்கும். மேனேஜர், ஆபீஸ் ஊழியர்களுக்கு 12 மாதம், அதுவும் அடுத்த வரிசையில். படிவத்தைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். ஏற்ற கோரிக்கைகளின் பட்டியல் வெளிவந்ததும் உங்கள் பெயருக்கு நேரே என்ன தொகை என்று பாருங்கள். குறைத்திருந்தால் காரணம் கேட்டு உடனே எழுதுங்கள்.