தூரமா நேரமா என்று முதலில் கேள்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.

அன்பின் மருமகளுக்கு,

எரிபொருளை மிச்சம்பிடிக்கும் வேகம் எது என்று கேட்டிருந்தாய். அப்படி ஒரேயொரு வேகம் கிடையாது. இருக்கும் எரிபொருளில் எவ்வளவு தூரம் போகலாம் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு நேரம் வானில் நிற்கலாம் என்பது வேறொரு கேள்வி. கடலில் காணாமற்போன படகைத் தேடிச் சுற்றும் விமானத்துக்கு நேரம்தான் வேண்டும். 1944 ஆகஸ்ட் 10ஆம் திகதி நம் சீனக்குடா ஓடுபாதையிலிருந்து பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாக்கக் கிளம்பிய அமெரிக்க பி-29 விமானங்களுக்குத் தூரம்தான் எல்லாம். இரண்டாம் உலகப் போரில் இடையில் இறங்காமல் பறந்த மிக நீண்ட தாக்குதல்களில் அது ஒன்று. திரும்பும் வழியில் ஒரு விமானம் எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கியது.

இரண்டு கேள்விக்கும் விடை தாக்குகோணத்தில், அதாவது எதிர்வரும் காற்றைச் சிறகு சந்திக்கும் கோணத்தில் இருக்கிறது. வேகமாகப் பறந்தால் உடலும் சிறகும் காற்றோடு உரசும் இழுவை கூடும். மெதுவாகப் பறந்தால் எடையைத் தாங்கச் சிறகு அதிகம் நிமிர வேண்டும்; அதனால் வேறொரு இழுவை கூடும். இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறையும் கோணத்தில்தான் காற்றில்லாத நாளில் உந்துசுழலி விமானம் ஆகக்கூடிய தூரம் போகும். ஆனால் அதன் எஞ்சின் ஒரு மணித்தியாலத்துக்குக் குடிக்கும் எரிபொருள் வலுவைப் பொறுத்தது. வலு என்பது இழுவையையும் வேகத்தையும் பெருக்கியது. ஆகவே வேகத்தை இன்னும் குறைத்து, தூரத்துக்கான வேகத்தின் முக்காற்பங்கு அளவுக்கு வந்தால், இழுவை சற்று ஏறினாலும் பெருக்குத்தொகை இறங்கும். நீண்ட நேரம் நிற்பதற்கான கோணம் அதுதான். (ஜெட்டில் கணக்கு ஒரு படி தள்ளிப்போகும்: இழுவை குறைந்த கோணம் நேரத்துக்கு, அதைவிட வேகமானது தூரத்துக்கு.)

கையேடு வேகத்தைத்தானே தருகிறது, பயிற்சி விமானத்தில் கோணம் காட்டும் கருவியே இல்லையே என்பாய். உண்மைதான். ஆனால் அந்த வேகம் ஒரு குறிப்பிட்ட எடைக்கு உரியது. எரிபொருள் தீரத் தீர விமானம் இலேசாகும். உரிய கோணம் மாறாது, அதற்கான வேகம் மட்டும் எடையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றி இறங்கும். எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் 100 நொட் 89 ஆகிவிடும். 1943 முதல் கொக்கலை ஏரிக்கும் பேர்த்துக்கும் இடையே பறந்த குவான்டாஸ் நிறுவனத்தின் கட்டலினா நீர்விமானங்களில் எரிபொருளே அவ்வளவு இடம்பிடித்ததால் மூன்று பயணிகளும் எழுபது கிலோவுக்குச் சற்றுக் குறைந்த தபாலும்தான் ஏறின. அப்படிப்பட்ட விமானத்தில் புறப்பட்ட வேகத்தையே கடைசிவரை பிடித்திருப்பது வீண்செலவு.

இனிக் காற்று. நீரோட்டத்தில் மிதக்கும் படகின் எஞ்சினுக்கு நீரோட்டம் தெரியாதது போல, விமானத்தின் எஞ்சினுக்குக் காற்று தெரியாது. கச்சான் எவ்வளவு ஓங்கி வீசினாலும் துறைமுகத்துக்கு மேலே நிற்கக்கூடிய நேரம் மாறாது. தூரம் மட்டும் மாறும். கொக்கலையிலிருந்து பேர்த் ஏறத்தாழ 5,600 கிலோமீற்றர். அதே பாதையை அதே வகை விமானம் ஒருமுறை 27 மணித்தியாலத்திலும் இன்னொருமுறை 32 மணித்தியாலத்திலும் கடந்ததென்றால் அதில் காற்றின் பங்கு பெரிது. போகும்போது எடுப்பதை வரும்போது கொடுத்துவிடும் என்று நம்பாதே. 100 நொட்டில் 400 கடல்மைல் போய்த் திரும்ப எட்டு மணித்தியாலம். 20 நொட் காற்று நேரே வீசினால் போக ஐந்து, வர மூன்றேகால் சொச்சம், மொத்தம் எட்டு மணி இருபது நிமிடம். எதிர்க்காற்றில் கூடுதல் நேரம் கழிவதால் நட்டம் நட்டமாகவே நிற்கும்.

அந்த நட்டத்தைக் குறைக்க எதிர்க்காற்றில் வேகத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். கூட்டினால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகாதா? ஆகும், மணித்தியாலக் கணக்கில். கற்பனையாக ஒரு விமானம் 90 நொட்டில் 24 லீற்றரும் 100 நொட்டில் 28 லீற்றரும் குடிக்கிறது என்று வை. காற்றில்லாத நாளில் 90தான் சிறந்தது. 45 நொட் எதிர்க்காற்றில் 90இல் பறந்தால் 24 லீற்றருக்கு 45 கடல்மைல், 100இல் பறந்தால் 28 லீற்றருக்கு 55. லீற்றருக்கு எது அதிகம் என்று நீயே வகுத்துப் பார். பின்காற்றில் இது தலைகீழ். வேகத்தைக் குறைத்து, நேரத்துக்கான கோணத்தை நெருங்கலாம்.

அந்தக் கோணம் சிறகு தூக்குவிசையை இழக்கும் எல்லைக்குக் கிட்டே இருக்கிறதே, ஆபத்தில்லையா என்ற பயம் நியாயமானது. வலு வளைகோட்டின் அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் சில நொட் கூட்டிப் பறந்தாலும் பெரிய இழப்பில்லை. காற்று விட்டுவிட்டு அடிக்கும் நாளில் நான் அந்த மிச்சத்தைத் துணிந்து விட்டுக்கொடுப்பேன். நீயும் அப்படியே செய்.

பயிற்சி விமானத்தின் கையேடு கைக்கு வந்ததும், முழு எடைக்கும் பாதித் தாங்கிக்கும் 20 நொட் எதிர்க்காற்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா