மூன்று படியும் ஒரு மனுவும்: மனித உரிமை உங்கள் வார்டில்தான் ஆரம்பிக்கிறது

மனித உரிமை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு, பெரிய பெரிய வழக்குகள். ‘அதெல்லாம் நமக்கு எதுக்குப்பா?’ என்று செல்போனில் அடுத்த செய்திக்குத் தள்ளிவிடுவோம். இந்தப் பாடத்தில் அதையே கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஒரு உதாரணம். நீங்கள் திருமுல்லைவாயிலில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்வீட்டு அக்கா சக்கர நாற்காலியில் இருப்பவர். அவர் அடிக்கடி போகவேண்டிய ஒரு பொதுக் கட்டடத்தின் வாசலில் 3 படி. சாய்தளம் கிடையாது. ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்க வேண்டும். ஆள் கிடைக்காத நாளில் திரும்பி வந்துவிடுவார். கொஞ்ச நாள் கழித்து, “எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா, விடு” என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆனாலும் இது மனித உரிமைப் பிரச்சினைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1993, மனித உரிமை என்பதை நான்கு சொற்களில் அடக்குகிறது: உயிர், சுதந்திரம், சமத்துவம், கண்ணியம். அந்த 3 படி, அக்காவின் சமத்துவத்தையும் கண்ணியத்தையும் ஒருசேரத் தடுக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இன்னும் தெளிவாகப் பேசுகிறது. புதிய கட்டடங்கள் மட்டுமில்லை, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களையும் எல்லாரும் பயன்படுத்தும்படி காலக்கெடு வைத்து மாற்ற வேண்டும் என்கிறது அதன் 45-ஆவது பிரிவு. ஆகவே சாய்தளம் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. நல்ல வசதி. ஆனால் அரிசி வீட்டுக்கு வந்தால் மட்டும் போதுமா? அக்கா வெளியே வரவும், நாலு பேர் கூடும் இடத்தில் உட்கார்ந்து பேசவும் வழி வேண்டாமா?

உங்கள் ஊரில் இந்த வேலை யாருடையது?

வெளிநாடுகளில் சில நகரங்கள் தங்களை ‘மனித உரிமை நகரம்’ என்றே அறிவித்துக்கொண்டுள்ளன. தென்கொரியாவின் குவாங்ஜு 2009-இல் இதற்கெனத் தனி விதி இயற்றியது. இங்கிலாந்தின் யார்க் நகரம் 2017-இல் அறிவித்தது. அமெரிக்காவின் பல நகரங்களில், ஊர்மக்களே சம்பளம் வாங்காமல் உட்காரும் மனித உரிமை ஆணையங்கள் இருக்கின்றன.

நம் ஊரில் அதே பெயரில் ஒரு நகர ஆணையம் இல்லை. ஆனால் அந்த வேலையைச் செய்ய நான்கு வாசல்கள் இருக்கின்றன. எந்த வாசலை எப்போது தட்டுவது என்பதுதான் இன்றைய பாடம்.

வாசல் 1: பகுதி சபா

‘ஏரியா சபை’ என்றும் சொல்வார்கள். கிராமத்துக்கு கிராம சபை மாதிரி, நகரத்துக்கு இது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2022-இல் வந்தன. ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்படும். அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லாருமே சபாவின் உறுப்பினர்கள். நீங்களும்தான்! உங்கள் வார்டு கவுன்சிலர் கூட்டத்தை நடத்துவார். அங்கே எழும் கோரிக்கைகள் வார்டு குழுவுக்குப் போகும்.

போவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: உங்கள் தெரு எந்த மாநகராட்சி? திருமுல்லைவாயில் 2019-இல் உருவான ஆவடி மாநகராட்சியில் வருகிறது. பக்கத்திலேயே இருக்கும் அம்பத்தூர், சென்னை மாநகராட்சியின் 7-ஆவது மண்டலம். எல்லைப் பக்கம் குடியிருப்பவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். 1913 என்பது சென்னை மாநகராட்சியின் எண். ஆவடிப் பகுதிப் புகாரை அதில் சொல்லிப் பயனில்லை. சொத்துவரி ரசீதைப் பாருங்கள், மாநகராட்சியின் பெயர், வார்டு எண் இரண்டும் அதில் இருக்கும்.

வாசல் 2: நியமன உறுப்பினர்

2025-இல் தமிழ்நாடு அரசு சட்டத்திருத்தம் செய்து, நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்தது. தேர்தலில் நிற்காமலேயே அவர்கள் மன்றத்தில் உட்காரலாம், பேசலாம். வாக்களிக்கும் உரிமை மட்டும் இல்லை. சாய்தளம் இல்லாத வாசல், பிரெயில் இல்லாத பெயர்ப்பலகை, நடைபாதையை அடைத்து நிற்கும் கம்பம் போன்ற விஷயங்களில் மனுவின் ஒரு நகலை அவரிடமும் கொடுங்கள்.

வாசல் 3: சட்டத் தன்னார்வலர்

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கீழ், பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். இவர்கள் வக்கீல்கள் இல்லை. மனு எழுத உதவுவார்கள், எந்த அலுவலகம் என்று சொல்வார்கள், தேவைப்பட்டால் இலவச வக்கீலிடம் அழைத்துப் போவார்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தார், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்கவேண்டிய எண் 15100. நமக்கு திருவள்ளூர் மாவட்ட ஆணைக்குழு. ஒரு விஷயம் கவனம்: இந்த உதவிக்கு யாராவது உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆணைக்குழு அறிவிப்பு வெளியிடும்போது நீங்களே தன்னார்வலராக விண்ணப்பிக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரி மாணவர், மகளிர் குழு உறுப்பினர், திருநங்கை என யாரும் முன்வரலாம்.

வாசல் 4: மாநில மனித உரிமைகள் ஆணையம்

1997 முதல் சென்னையில் இயங்குகிறது. அரசு ஊழியர் ஒருவர் உரிமையை மீறினாலோ, மீறலைத் தடுக்காமல் அலட்சியமாக இருந்தாலோ இங்கே புகார் தரலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவரும் புகார் கொடுக்கலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகளை மறக்கக்கூடாது. சம்பவம் நடந்து 1 வருடத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். அதே விஷயம் வேறொரு ஆணையத்தின் விசாரணையில் இருக்கக்கூடாது.

தெருவிளக்கு எரியவில்லை என்பதற்கு ஆணையம் இல்லை. அதற்கு 1100-க்கு அழைத்து முதல்வரின் முகவரியில் பதியுங்கள். ஆனால் எழுதிக் கொடுத்தும், நினைவூட்டியும், ஒருவரைத் தொடர்ந்து வெளியிலேயே நிறுத்தினால், அப்போது 4-ஆவது வாசலுக்குப் போகலாம்.

மனுவை இப்படி எழுதலாம்

“ஐயா / அம்மா, எங்கள் பகுதியில் (இடம், தெரு, வார்டு எண்) உள்ள கட்டடத்தின் வாசலில் 3 படிகள் உள்ளன. சாய்தளம் இல்லாததால் சக்கர நாற்காலியில் வருவோரும் முதியோரும் உள்ளே வர இயலவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 45-இன்படி கைப்பிடியுடன் சாய்தளம் அமைத்துத் தரக் கோருகிறோம். பணி எப்போது முடியும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.”

கூடவே செல்போனில் வாசலைப் படம் எடுத்து இணையுங்கள். படம் எடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். அக்காவைத் தூக்கிக்கொண்டு போவதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம். அவர் கண்ணியத்துக்காகத்தானே இந்த வேலை? மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சபாவில் பேசினால், “தீர்மானமாக எழுதிட்டீங்களா?” என்று ஒருமுறை கேட்டுப் பதிவேட்டில் ஏறியதை உறுதிசெய்யுங்கள். வாயால் சொன்னதை நாளைக்கு யாரும் தேடி எடுக்க முடியாது.

முக்கியமான ஒன்று

நல்ல மனசுள்ளவர்கள் பலர் செய்யும் தவறு, “பாவம், அவங்க எதுக்கு அலையணும்? நானே பேசிடறேன்” என்று கிளம்புவது. அப்படிச் செய்தால், சாய்தளம் வந்தாலும் அக்கா வீட்டுக்குள்ளேயே இருப்பார். அதனால் முதலில் அவரிடம் கேளுங்கள். சபா நடக்கும் இடத்துக்குச் சக்கர நாற்காலி போகுமா என்று முன்கூட்டியே பாருங்கள். மாடியில் என்றால், கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லி கவுன்சிலரிடம் கேளுங்கள். அவர் பேசட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் வடமாநிலக் குடும்பங்கள் உங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கலாம். அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லையென்றால் பகுதி சபாவில் உறுப்பினர் ஆக முடியாது. ஆனால் சமத்துவமும் உயிர் வாழும் உரிமையும் அரசமைப்புச் சட்டத்தில் ‘எந்த நபருக்கும்’ உண்டு, வாக்காளருக்கு மட்டும் இல்லை. அவர்கள் பிள்ளை பள்ளியில் சேர முடியாமல் இருந்தால், இந்தி தெரிந்த ஒருவரோடு போய் விசாரியுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே சபாவில் வையுங்கள்.

இந்த வார வீட்டுப்பாடம்

1. சொத்துவரி ரசீதைப் பார்த்து உங்கள் வார்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. 15100, 1100 இரண்டு எண்களையும் செல்போனில் சேமியுங்கள்.

3. அடுத்த பகுதி சபா எப்போது, எங்கே என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள்.

4. உங்கள் தெருவில் இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வராத ஒருவரைப் பார்த்து, “நீங்க வரணும்னா என்ன செய்யணும்?” என்று கேளுங்கள்.

முதல் மூன்றுக்கும் பத்து நிமிடம் போதும். நான்காவதற்கு மட்டும் நீங்களே எழுந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.