குழந்தை நடிகருக்கு ஏற்ற முகப்படம் எது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு பிறந்த தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள், சிறுவர்களைக் கொண்டே நாடகக் குழு நடத்தியவர். ‘பாய்ஸ் கம்பெனி’ என்று அழைக்கப்பட்ட அத்தகைய குழுக்களில் சேர விரும்பும் சிறுவனுக்குக் குரல்வளமே முதல் தகுதியாக இருந்தது. இன்று நிலை மாறிவிட்டது. விளம்பரப் படமானாலும் திரைப்படமானாலும், தேர்வு செய்பவரிடம் முதலில் போய்ச் சேர்வது குழந்தையின் புகைப்படமே. ஆகவே, எந்தப் படத்தை அனுப்புவது என்ற கேள்வி இன்று பல எளிய குடும்பங்களின் கேள்வியாகிவிட்டது.

நான் மாலை வேளைகளில் பாளையங்கோட்டையில் ஒரு புகைப்படக் கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே கண்டவற்றையும், வகுப்பில் ஒளியியலில் படித்தவற்றையும் சேர்த்து இக்கட்டுரையில் கூற முற்படுகிறேன்.

படத்தின் பணி

முகப்படம் என்பது மார்பளவுப் படம். அதன் பணி ஒன்றே: நேரில் வரப்போகும் குழந்தையை உள்ளபடியே அறிமுகம் செய்து வைத்தல். தேர்வாளர் நூற்றுக்கணக்கான படங்களைப் பார்ப்பவர். ஒவ்வொன்றுக்கும் அவர் தரக்கூடியது சில விநாடிகளே. அந்த நேரத்தில் கண்ணும் சிரிப்பும் அவர் மனத்தில் பதிய வேண்டும். படத்தில் ஒரு முகமும் நேரில் வேறொரு முகமுமாக இருந்தால், சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்த குடும்பம் வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

ஐந்து படங்கள்

சில மாதங்களுக்கு முன் பீடி சுற்றும் தாய் ஒருவர் தம் ஏழு வயது மகளை அழைத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். குழந்தைகள் துணி விளம்பரம் ஒன்றுக்குப் படம் அனுப்ப வேண்டுமாம். நான்கு படங்கள் அவரிடம் இருந்தன. ஐந்தாவது படத்தை நாங்கள் எடுத்தோம். ஐந்தையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தோம்.

முதற்படம், பள்ளி ஆண்டுவிழாவில் பரதநாட்டிய ஒப்பனையுடன் எடுத்தது. அழகான படந்தான். ஆனால் மையும் நெற்றிச்சுட்டியும் தெரிந்த அளவுக்கு முகம் தெரியவில்லை. இரண்டாவது, அருவித் திரைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றது. பார்ப்பவர் கண் அருவிக்கே போயிற்று. மூன்றாவது, கைபேசியை முகத்தருகே நீட்டி எடுத்தது. மூக்கு பெருத்தும் காது சிறுத்தும் இருந்தன. நான்காவது, சென்ற ஆண்டுப் படம். குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு திருச்செந்தூரில் முடியிறக்கியாயிற்று, முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. படத்திலிருந்த சிறுமி இப்போது இல்லை!

ஐந்தாவது படத்தில் பொக்கை வாய் தெரியச் சிரித்தாள். இளநீலச் சட்டை, நகை இல்லை, பவுடர் இல்லை. அதுவே தக்க படம் என்று நான் சொன்னேன். தாய்க்கு மனம் ஒப்பவில்லை. “பல்லு இல்லாம இருக்கே தம்பி, யாரு எடுப்பா?” என்றார். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பல் விழுந்திருப்பது இயல்பு. அந்த வயதை நாடுகிறவர் அதையும் எதிர்பார்த்தே இருப்பார் என்று விளக்கினேன். சிறுமியோ அதற்குள் அந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

விளம்பரத்துக்கு இப்படிச் சிரித்த முகம் பொருந்தும். திரைப்படத்துக்கு வாய் மூடி அமைதியாகப் பார்க்கும் படம் ஒன்றும் வேண்டும். இவற்றோடு முழு உருவப் படம் ஒன்று இருந்தால் போதுமானது. குழந்தையின் முகம் விரைவில் மாறும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் படத்தைப் புதுப்பித்தல் நன்று.

ஒளியும் தொலைவும்

மூன்றாவது படம் கெட்டதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறக்குறைய 10 செ.மீ. என்று கொள்வோம். கேமரா 30 செ.மீ. தொலைவில் இருந்தால் மூக்கு 30, காது 40. உருவத்தின் அளவு தொலைவுக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், காதை ஒப்பிட மூக்கு 33 விழுக்காடு பெரிதாகப் பதிகிறது. 150 செ.மீ. தள்ளி நின்றால் 150, 160. வேறுபாடு 7 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே ஐந்தடி விலகி நின்று, ஜூம் கொண்டு நெருங்குவதே முறை. கேமரா குழந்தையின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். எடுப்பவர் தரையில் உட்காரத் தயங்கலாகாது.

நம் ஊர் உச்சி வெயிலில் கண்குழிகளில் நிழல் விழும். மாலை நான்கு மணிக்குத் திண்ணை நிழலில், வெளிச்சம் வரும் வாசலை நோக்கிக் குழந்தையை உட்கார வையுங்கள். கருவிழியில் சிறு ஒளிப்புள்ளி தோன்றும். அது இல்லாத கண் உயிரற்றுத் தோன்றும்.

நிறம் பற்றிய மயக்கம்

“கொஞ்சம் வெளுப்பாக்கித் தாங்க” என்று கேளாத பெற்றோர் அரியர். கேமராவும் இதற்கு ஒரு வகையில் காரணம். காட்சி முழுவதன் சராசரி ஒளியையும் அது நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயலும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் அச்சுவரைக் கணக்கிட்டு ஒளியைக் குறைக்கும். மாநிற முகம் கரிந்து போகும். குறை முகத்தில் இல்லை, சுவரில் இருக்கிறது. நடுத்தர நிறமுள்ள பின்புலத்தைத் தேர்ந்து, கைபேசித் திரையில் முகத்தைத் தொட்டு ஒளியளவை அமைத்தால் முகம் தன் நிறத்தில் துலங்கும். கணினியில் வெளுக்கச் செய்வதால் ஆவதென்ன? தேர்வறைக்குள் நுழைந்ததும் உண்மை தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய கேடு, தன் முகம் போதாது என்று பெற்றோரே கருதுவதை அக்குழந்தை அறிந்துகொள்வது.

மாரி செல்வராஜ் இயக்கிய ‘வாழை’ 2024ஆம் ஆண்டு வெளிவந்தது. தாமிரபரணிப் பாசனத்து வாழைத்தோட்டங்களில் தார் சுமக்கும் சிறுவனின் கதை அது. அதில் முன்னின்று நடித்த சிறுவர் இருவரின் முகங்களும் நம் தெருவில் காணும் முகங்களே. அவற்றை நாடே கண்டு கலங்கியது.

பெற்றோர் அறிய வேண்டியவை

அத்தாயிடம் ஒருவர், ஆல்பம் தயாரித்து வாய்ப்பு வாங்கித் தருவதாகக் கூறி 25,000 ரூபாய் கேட்டிருந்தார். கம்மலை அடகு வைக்கவும் அவர் எண்ணியிருந்தார். வேலை தருகிறவர் ஊதியம் தருவார். முன்பணம் கேட்பவரை நம்பலாகாது. நல்ல முகப்படத்துக்கு ஒரு சட்டையும் ஒரு மாலை வெளிச்சமும் போதும்.

படத்தில் பள்ளிச் சீருடை வேண்டாம். அது பிள்ளை படிக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அரைகுறை உடையில் படம் கேட்பவருக்கு எதையும் அனுப்பக் கூடாது.

சட்டமும் துணை நிற்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தமும், 2017ஆம் ஆண்டு விதிகளும் 14 வயது நிறையாதவர் நடிப்பதற்கு வரம்பு விதித்துள்ளன. மாவட்ட ஆட்சியரின் அனுமதியைத் தயாரிப்பாளர் பெற வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலும் கூடாது. தொடர்ச்சியாக 27 நாட்களைத் தாண்டக் கூடாது. படிப்புக்கு ஏற்பாடு வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக அதை நடிக்க வைத்தல் ஆகாது. விருப்பமில்லாக் குழந்தையின் படம் எத்தனை முறை எடுத்தாலும் நன்றாக அமையாது என்பதைக் கடையில் பலமுறை கண்டிருக்கிறேன்.

முடிவுரை

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். விண்ணப்பம் எழுதவும், வந்த செய்தியைப் படித்துச் சொல்லவும் உற்றார் நம்மிடமே வருவர். நாளை அக்காள் பிள்ளையின் படங்களோடு யாரேனும் வந்தால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது இன்றைய முகமா? இது அந்தப் பிள்ளையின் முகமா? பிள்ளைக்கு இதில் விருப்பம் உண்டா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை தரும் படத்தையே அனுப்பச் சொல்லுங்கள்.