ஊரின் உயிர்க்கையேடு

நுழையும்முன்

வயல்வரப்பிலும் குளக்கரையிலும் வீட்டுக் கூரையிலும் மனிதரை அடுத்து வாழ்பவை தவளை, தேரை, பல்லி, ஓணான், அரணை, பாம்பு முதலிய உயிர்கள். நாள்தோறும் கண்ணில் பட்டும் அவற்றுள் பலவற்றின் பெயரையும் இயல்பையும் அறிந்தோர் சிலரே. ஒரு பகுதியின் இருவாழ்விகளையும் ஊர்வனவற்றையும் மாணவர்கள் கூடித் தொகுத்து, இணையக் கையேடாக வழங்கும் முறையையும் அதன் பயனையும் இப்பாடம் விளக்குகிறது.

மாணவர் எழுதிய களஞ்சியம்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2000ஆம் ஆண்டு 'ஆம்பிபியாவெப்' என்னும் இணையக் களஞ்சியம் தொடங்கப்பட்டது. உலகெங்கும் இருவாழ்விகள் குறைந்துவருவதைக் கண்டு கவலையுற்ற உயிரியல் அறிஞர் டேவிட் வேக் இதனைத் தொடங்கினார். இதிலுள்ள இனக்குறிப்புகள் பலவற்றை எழுதியோர் இளநிலை மாணவர்கள். அறிஞர்களின் மேற்பார்வையில் ஆளுக்கொரு குறிப்பாக வளர்ந்த தொகுப்பு இது. உலக இருவாழ்வி இனங்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அழிவின் விளிம்பை நோக்கிச் செல்வதாக 2023இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. எனவே, எந்த ஊரில் எவ்வினம் வாழ்கிறது என்னும் எளிய பதிவுகூட இன்று விலைமதிப்புடையதாகிறது.

பெயர் பிழைத்தால் உயிர் பிழைக்காது

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணமாகக் கூறப்படுபவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்குமே. ஆயினும், அச்சத்தால் அடித்துக் கொல்லப்படும் பாம்புகளுள் நஞ்சற்றவையும் பல.

கட்டுவிரியனையும் நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனையும் மக்கள் ஒன்றெனக் கருதுவதுண்டு. கட்டுவிரியனின் பளபளக்கும் கருமேனியில் மெல்லிய வெண்பட்டைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக அமையும். அவை கழுத்துப் பக்கம் மங்கியும் வால் பக்கம் தெளிந்தும் காணப்படும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் பெரியனவாய் அறுகோண வடிவில் இருக்கும். வெள்ளிக்கோல் வரையனுக்கு இப்பெருஞ்செதில்கள் இல்லை. அதன் பட்டைகள் கழுத்துப் பக்கம் தெளிந்து வால் நோக்கி மங்கும். இத்தகைய ஒப்பீட்டைப் படத்துடன் தருவதே கையேட்டின் முதற்கடமை. கடிபட்டவர் பாம்பைத் தேடிக் காலம் கடத்தாது மருத்துவமனையை அடைய வேண்டும் என்பதும் அதில் இடம்பெறல் வேண்டும்.

வழக்கும் அறிவியலும்

'விரியன்' என்னும் பெயர் மூன்று பாம்புகளுக்குப் பொதுவாயினும், கட்டுவிரியன் நல்லபாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏனைய இரண்டும் வேறு குடும்பத்தின. வழக்குப்பெயரை நீக்கிவிட்டால் கையேடு ஊராருக்குப் பயன்படாது. அதை மட்டும் தந்தால் உறவு விளங்காது. எனவே இரண்டும் வேண்டும்.

கொம்பேறி மூக்கன் தான் கடித்தவரின் சிதைப்புகையை மரமேறிக் காணும் என்பது நாட்டுப்புற நம்பிக்கை. உண்மையில் அது நஞ்சற்ற மரப்பாம்பு. நம்பிக்கையை நம்பிக்கை என்றும் உண்மையை உண்மை என்றும் பிரித்தெழுதுதல் வேண்டும். அதே வேளையில், தடம் கண்டு பாம்பை அறியும் இருளர் போன்றோரின் பட்டறிவு அரிய சான்றாகும். 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்தும் நச்சுமுறி மருந்து செய்யப்படுகிறது.

செவியும் சான்று

'தவளை தன் வாயால் கெடும்' என்பது பழமொழி. தவளை கத்துவதால் பாம்புக்கு இரையாகும் என்பது அதன் பொருள். ஆய்வாளருக்கோ அக்குரலே வழிகாட்டி. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தவளை எழுப்பும் ஒலி இனந்தோறும் வேறுபடும். ஆகவே மழையிரவில் கைப்பேசியில் பதிந்த ஒலியும், நாளும் இடமும் குறிக்கப்பட்டால், உரிய சான்றாகும்.

கூட்டுழைப்பின் ஒழுங்கு

ஒருவர் படமெடுக்க, ஒருவர் குறிப்பெழுத, மற்றொருவர் நூல்களோடு ஒப்பிட, உயிரியல் ஆசிரியரோ வல்லுநரோ சரிபார்ப்பது முறை. கருத்து வேறுபட்டால் பெரும்பான்மை முடிவு செய்வதில்லை. சான்றே முடிவு செய்யும். சான்று போதாதபோது 'உறுதி செய்யப்படாதது' எனக் குறித்து வைப்பது குறையன்று; நேர்மை.

உயிர்களைப் பிடித்தலும் கையாளுதலும் கூடா. பாம்பைத் தொலைவிலிருந்து மட்டுமே படமெடுக்க வேண்டும். நட்சத்திர ஆமை போன்று கடத்தப்படும் உயிர்கள் வாழும் இடத்தைத் துல்லியமாக வெளியிடுதலும் தவறு. காக்க எழுதிய குறிப்பே கள்வருக்கு வழிகாட்டிவிடும். அறிந்த அனைத்தையும் வெளியிடாத அடக்கமும் தொகுப்பாளருக்குரிய பண்பாகும்.

தெரியுமா?

மண்ணுக்குள் வாழும் ஊதா நிறத் தவளையினம் ஒன்று 2003இல் அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் நெருங்கிய உறவினம் திருவில்லிபுத்தூர் அருகே மேற்குத் தொடர்ச்சி மலையில் கண்டறியப்பட்டு 2017இல் அறிவிக்கப்பட்டது. ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாக அதற்குப் பெயரிடப்பட்டது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் தவளை, பல்லி, பாம்பு வகைகளுக்கு வழங்கும் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க. அவற்றுள் ஓர் உயிரினத்திற்கு அடையாளம், வாழிடம், உணவு, அதுபற்றிய நம்பிக்கை ஆகியவற்றைத் தனித்தனியே தரும் குறிப்பு எழுதுக.